‘முக்கூட்டு’: மூன்று ஆட்டங்களைச் சேர்த்துப் புதிய பூல் ஆட்டம் ஒன்றை வகுத்த அனுபவம்

பூல் மேசையில் நெடுநாள் ஆடியவர்களுக்குத் தாங்கள் மிகவும் விரும்பும் ஆட்டத்தின் மீதே ஏதாவது ஒரு மனக்குறை இருக்கும். ஒன்பதாம் பந்தைப் போடுபவரே வெல்லும் நைன் பாலில், ஒருவர் எட்டுப் பந்துகளையும் கணக்காகப் பாக்கெட்டில், அதாவது மேசை ஓரக் குழியில், போட்டுவிட்டு ஒன்பதாவதை மட்டும் தவறவிட்டால், எதிராளி அந்த ஒரே பந்தைப் போட்டு ராக்கை (ஒருமுறை அடுக்கிய பந்துகளோடு ஆடும் சுற்றை) வென்றுவிடலாம். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் ஒன்பதாம் பந்து தற்செயலாக எதிலோ மோதி விழுந்தாலும் வெற்றிதான். ஆளுக்கு ஒரு மூலைப் பாக்கெட் மட்டுமே சொந்தமான ஒன் பாக்கெட் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. ஆனால் இருவரும் மாறி மாறிப் பந்துகளை நகர்த்திக்கொண்டே இருப்பதால், ஆடுகிறவர்களுக்குத்தான் சுவையே தவிர, அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருப்பவர் பொறுமை இழந்துவிடுவார். இங்கிலீஷ் பில்லியர்ட்ஸின் உயிர்நாடியான கேனனுக்கு, அதாவது வெள்ளைப் பந்து ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றொன்றையும் தொடும் அந்த நுட்பத்துக்கு, வழக்கமான பூல் ஆட்டங்களில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

என்னுடன் வழக்கமாக ஆடும் நண்பரும் நானும் இந்த மூன்றையும் ஒரே மேசையில் சேர்க்க முனைந்ததன் விளைவாக உருவானதே நாங்கள் ‘முக்கூட்டு’ என்று அழைக்கும் ஆட்டம். அதன் விதிகளைவிட, அவற்றை வகுக்கும்போது எங்கெங்கே சிக்கல் எழுந்தது, எப்படித் தீர்ந்தது என்பதே இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆட்டங்களைக் கலப்பது புதிய காரியம் அன்று. ஸ்னூக்கரே ஒரு கலப்புதான். 1875-இல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் விடுதியில், பதினைந்து சிவப்புப் பந்துகளும் ஒரு கருப்புப் பந்தும் கொண்டு ஆடப்பட்டு வந்த பிளாக் பூலில் வேறு வண்ணப் பந்துகளையும் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி சேர்த்ததிலிருந்து அது பிறந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. அமெரிக்காவில் கௌபாய் பூல் என்றோர் ஆட்டம் உண்டு. வெள்ளைப் பந்தோடு 1, 3, 5 என்ற மூன்று பந்துகளே அதில் மேசையில் இருக்கும். முதல் 90 புள்ளிகளை எந்த வழியிலும் எடுக்கலாம், 91 முதல் 100 வரை கேனனால் மட்டுமே எடுக்க வேண்டும், 101-ஆம் புள்ளிக்கோ வெள்ளைப் பந்தே 1-ஆம் பந்தில் பட்டு, முன்பே சொன்ன பாக்கெட்டில் விழ வேண்டும். பில்லியர்ட்ஸும் பூலும் அதில் கைகோத்திருப்பது கண்கூடு. போலியார்ட்ஸ் என்ற ஆட்டமோ பௌலிங்கின் பத்துக் கட்டங்களையும் 300 என்ற உச்சப் புள்ளியையும் அப்படியே பூல் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இவற்றைக் கவனித்தபோது எனக்குப் பட்டது இதுதான். நிலைத்து நின்ற கலப்பு ஆட்டங்களில், வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு விதியும் அடுத்த அடியைத் தீர்மானிக்கும்போது ஆட்டக்காரரை ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஸ்னூக்கரில் சிவப்பைப் போட்டபின் எந்த வண்ணப் பந்துக்குப் போவது என்ற கேள்வி அப்படிப்பட்டது. மேசையில் எடுக்கும் முடிவை மாற்றாத விதி, எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், புள்ளி எழுதுபவருக்கு வேலை வைப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. ஆகவே, ஓர் ஆட்டத்திலிருந்து எதையாவது எடுப்பதற்கு முன்னால், அந்த ஆட்டம் ஆட்டக்காரரை எந்த முடிவை எடுக்கச் சொல்லி நெருக்குகிறது என்று கேட்டுக்கொண்டோம். நைன் பால், மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தையே முதலில் தொடச் சொல்லி, வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும் என்று யோசிக்க வைக்கிறது. ஒன் பாக்கெட், பந்து எந்தப் பாக்கெட்டில் விழுகிறது என்பதற்கு மதிப்பு வைக்கிறது. பில்லியர்ட்ஸ், பந்தைப் போடாமலே புள்ளி எடுக்க வழி திறக்கிறது. இந்த மூன்று நெருக்கடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அந்தந்த ஆட்டங்களிலேயே விட்டுவிட்டோம்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1 முதல் 9 வரையிலான பந்துகளை நைன் பாலைப் போலவே வைர வடிவில் அடுக்குகிறோம். ராக் அடுக்கும் பக்கத்து இரு மூலைப் பாக்கெட்டுகளில் ஒன்று எனக்கு, மற்றொன்று எதிராளிக்குச் சொந்தம். மீதி நான்கும் பொது. ஒவ்வோர் அடியிலும் மேசையில் உள்ள மிகச் சிறிய எண்ணையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து பாக்கெட்டில் விழ வேண்டும் அல்லது குஷனை, அதாவது மேசையின் ரப்பர் விளிம்பை, தொட வேண்டும். அடிப்பதற்கு முன் எந்தப் பந்து எந்தப் பாக்கெட்டில் என்றோ, எந்தப் பந்தில் கேனன் என்றோ, இரண்டில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்தால் முறை தொடரும். சொந்தப் பாக்கெட்டில் போட்டால் 3 புள்ளி, பொதுப் பாக்கெட்டில் போட்டால் 2, கேனனுக்கு 2. எதிராளியின் பாக்கெட்டில் நான் எந்தப் பந்தை விழவிட்டாலும் அவருக்கு 3. முதலில் 60 புள்ளியைத் தொடுபவருக்கு வெற்றி.

தாளில் இது மூன்று ஆட்டங்களின் துண்டுகளை ஒட்டுப்போட்டதைப் போலத்தான் தெரிகிறது. மேசையில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்தைக் காட்ட ஓர் அடியை விளக்குகிறேன். 3-ஆம் பந்து நடுப் பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. 4-ஆம் பந்து கடைசிக் குஷனை ஒட்டி, இரு மூலைகளுக்கும் நடுவில் இருக்கிறது. வெள்ளைப் பந்து பிரேக் (அடுக்கைக் கலைக்கும் முதல் அடி) அடிக்கும் பக்கத்தில் இருக்கிறது. 3-ஐ நேராக நடுப் பாக்கெட்டில் போட்டால் 2 புள்ளி கிடைக்கும். ஆனால் குஷனை ஒட்டிய 4-ஐ என் மூலைக்குக் கொண்டுபோவது கடினம். மாறாக, 4-இல் கேனன் என்று சொல்லிவிட்டு, 3-ஐ அதன் உட்புறத்தில் மெல்லிய விளிம்பாக மட்டும் உரசி அடித்தால், வெள்ளைப் பந்து ஏறக்குறைய அதே பாதையில் நீண்டு சென்று 4-இல் மோதி அதை என் மூலையை நோக்கித் தள்ளும். விளிம்பில் பட்ட 3-ஆம் பந்தோ தொடுகோட்டுக்குக் குறுக்காக நடுப் பாக்கெட்டின் பக்கம் சற்றே நகர்ந்து நிற்கும். அடுத்து 3-ஐ நடுவிலும் அதன்பின் 4-ஐ என் மூலையிலும் போட்டால் மொத்தம் 7 புள்ளி. ஆனால் அந்த உரசல் ஒரு மயிரிழை தடித்துவிட்டால் கேனனும் கைகூடாது. வாயில் நிற்கும் 3-ஐ எதிராளிக்குப் பரிசாகக் கொடுத்ததாகவும் ஆகும். நைன் பாலின் வரிசை இல்லாவிட்டால் அந்த உரசல் தேவைப்படாது, ஒன் பாக்கெட்டின் மூலை இல்லாவிட்டால் 4-ஐ நகர்த்துவதற்குக் காரணம் இராது, கேனனுக்குப் புள்ளி இல்லாவிட்டால் அந்தத் துணிச்சலுக்குக் கூலி கிடைக்காது. இப்படிப்பட்ட அடி தானாகவே அடிக்கடி தோன்றத் தொடங்கியபோதுதான் இந்தக் கலப்பு நிற்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு வந்தது.

கேனனுக்கு எத்தனை புள்ளி என்பதில்தான் அதிகம் மல்லுக்கட்டினோம். 1 புள்ளி என்று வைத்தபோது யாரும் அதைச் சீந்தவில்லை. 3 என்று உயர்த்தியபோது, “இதற்கு இவ்வளவு கொடுத்தால் நான் பந்தைப் போடவே மாட்டேன்” என்று நண்பர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, உண்மையாகவே அப்படி ஆடிக் காட்டினார். இரண்டு பந்துகள் அருகருகே நின்றுவிட்டால், கைத்திறன் உள்ளவர் அவற்றைக் கலைக்காமல் மெல்லத் தொட்டுத் தொட்டே புள்ளி குவிக்க முடியும். பில்லியர்ட்ஸ் வரலாற்றில் இதற்குப் பெயர்பெற்ற சான்று உண்டு: 1907-இல் டாம் ரீஸ் என்பவர் இரண்டு பந்துகளை மூலைப் பாக்கெட்டின் வாயில் நிறுத்திவைத்து, அவற்றை இடம்பெயர விடாமல் கேனன் அடித்தே 4,99,135 புள்ளிகளை எட்டினார். அந்த உத்தி விரைவில் தடைசெய்யப்பட்டது. பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட்ஸிலும், பந்துகளைக் குஷன் ஓரமாகவே ஓட்டிச் செல்லும் திறமைக்குக் கடிவாளம் போடத்தான் மேசையில் கோடுகளைக் கிழித்த பால்க்லைன் ஆட்டம் வந்தது. ஒரே நிலையில் நின்றுகொண்டு திரும்பத் திரும்பப் புள்ளி எடுக்கக்கூடிய வழி எதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தாலும், அதற்கான பூட்டையும் கூடவே கொண்டுவர வேண்டும் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எங்கள் பூட்டு கேரம் போர்டிலிருந்து கிடைத்தது. அங்கே சிவப்புக் காயைப் போட்டவர் அடுத்து தன் காய் ஒன்றையும் போட்டால்தான் சிவப்பு அவருக்குச் சேரும். அதே முறையில், முக்கூட்டில் கேனனுக்கான 2 புள்ளி உடனே ஏறாது. அடுத்த அடியில் சொன்ன பந்தைச் சொன்ன பாக்கெட்டில் போட்டால் மட்டுமே ஏறும். தொடர்ந்து இரண்டு கேனன் கூடாது என்று தனி விதி எழுதவும் தேவை இருக்கவில்லை, ஏனென்றால் இரண்டாவது கேனனைச் சொன்னவுடன் முதலாவதன் புள்ளி கைநழுவிப் போகிறது. தடுக்கும் விதியை விட, லாபத்தைத் தள்ளிப்போடும் விதி ஆட்டக்காரர்கள் மனத்தில் எளிதாகப் பதிகிறது. நிலுவையில் உள்ள புள்ளியை மறந்துவிடாமல் இருக்க, கேனன் அடித்தவர் கோல் நுனியில் தேய்க்கும் சாக்குக் கட்டியை எடுத்துத் தன் பாக்கெட்டின் விளிம்பில் மேசைக் கட்டையின் மேல் வைத்துவிடுகிறார். பந்து விழுந்ததும் எடுத்துக்கொள்கிறார். எழுத்தில் வைத்த எந்தக் குறியையும் விட இது நன்றாக வேலை செய்கிறது.

அடுத்த பெரிய முடிச்சு ஃபவுல், அதாவது விதியை மீறிய அடி. தாய் ஆட்டங்கள் ஒவ்வொன்றும் தவறுக்கு வெவ்வேறு நாணயத்தில் தண்டம் வசூலிப்பதால், கலப்பு ஆட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் பிய்ந்துபோகின்றன. நைன் பாலில் எதிராளி வெள்ளைப் பந்தை மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஒன் பாக்கெட்டில், தவறு செய்தவர் தான் போட்ட பந்து ஒன்றைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஸ்னூக்கரில் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி. புள்ளியையும் வெள்ளைப் பந்தையும் சேர்த்தே கொடுத்துப் பார்த்தால், ஒரு சிறு பிசகில் ராக் முழுவதும் கைமாறிவிடுகிறது. புள்ளியை மட்டும் கொடுத்தால், இக்கட்டில் மாட்டியவர் வேண்டுமென்றே ஃபவுல் செய்து வெள்ளைப் பந்தை மற்றொரு பந்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிடுகிறார்; இரண்டு புள்ளிக்கு அது மலிவான வியாபாரம். தேர்வை எதிராளியிடமே விட்டுவிடுவதுதான் தீர்வாக அமைந்தது: அவர் 2 புள்ளியை எடுத்துக்கொண்டு வெள்ளைப் பந்து இருக்கும் இடத்திலிருந்தே ஆடலாம், அல்லது புள்ளியை விட்டுவிட்டு அதை விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்திருந்தால், புள்ளியைத் தேர்ந்தவர் அதைப் பிரேக் கோட்டுக்குப் பின்னால் வைத்து ஆட வேண்டும். இதன்பிறகு, ஒளித்துவைப்பதற்காகச் செய்யும் ஃபவுல் அர்த்தமற்றதாகிவிட்டது. 58 புள்ளியில் இருப்பவருக்கு எதிராக ஃபவுல் செய்தால் ஆட்டமே முடிந்துவிடும் என்பதால் கடைசிக் கட்டத்தில் ஒரு தனிப் பதற்றமும் கிடைத்தது. இதை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் இப்போது எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன்.

சிறு விவகாரங்கள் சிலவற்றுக்கும் தீர்ப்பு எழுதிவைக்க வேண்டியிருந்தது. மேலே சொன்ன உரசல் அடியில் கேனனும் நடந்து, 3-ஆம் பந்தும் தானாக நடுப் பாக்கெட்டில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? சொன்னது கேனன் என்பதால் முறை தொடரும்; விழுந்த பந்துக்குப் புள்ளி இல்லை; 4-ஐப் போட்டுக் கேனனை உறுதிசெய்துகொள்ளலாம். சொல்லாத பந்து ஒருவருடைய சொந்தப் பாக்கெட்டில் விழுந்தால், அடித்தது யாராக இருந்தாலும் புள்ளி பாக்கெட்டின் உரிமையாளருக்கே. பிரேக்கில் விழும் பந்துகளுக்கு யாருக்கும் புள்ளி இல்லை, அடித்தவர் தொடர்ந்து ஆடலாம். முதல் ராக்கில் யார் பிரேக் செய்வது என்பதை, இருவரும் ஒரே நேரத்தில் பந்தை எதிர்க் குஷனுக்கு அனுப்பி, எவருடைய பந்து திரும்பி வந்து தொடங்கிய பக்கத்துக் குஷனுக்கு அருகில் நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறோம். அதன்பின் ஒவ்வொரு ராக்கையும் புள்ளியில் பின்தங்கியவர் தொடங்குகிறார். பாக்கெட்டுகளை ராக்குக்கு ராக் மாற்றிக்கொள்வது கட்டாயம். எவ்வளவு நல்ல மேசையாக இருந்தாலும், மெதுவாக உருளும் பந்து ஏதாவது ஒரு பக்கம் சாயத்தான் செய்யும், அந்தப் பக்கத்து மூலை ஒருவருக்கே நிலையாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்ந்துபோகும்.

சோதித்துப் பார்க்கும் முறையைப் பற்றி ஒரு சொல். மூன்று ஆட்டங்களின் விதிகளையும் ஒரே நாளில் ஏற்றினால், எது சுவையைத் தருகிறது, எது இழுவையைத் தருகிறது என்று பிரித்தறிய முடியாது. முதலில் நைன் பாலின் வரிசையோடு பாக்கெட் உரிமையை மட்டும் சேர்த்து, அது தன் காலில் நின்ற பிறகே கேனனைக் கொண்டுவந்தோம். தனியாக ஆடிப் பார்ப்பதிலும் பயன் உண்டு. வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்துத் தொடங்கி, தவறவிடும்வரை எத்தனை புள்ளி சேர்கிறது என்று பார்த்தால், புள்ளிக் கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது விரைவில் தெரிந்துவிடும். சேஃப்டி ஆட்டம், அதாவது எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காதபடி ஆடுவது, எப்படி அமையும் என்பதை மட்டும் தனியாக ஆடி அறிய வழியில்லை. தன்னையே ஏமாற்றத் துணிபவர் யார்?

கடைசிச் சோதனையே மிகவும் கடுமையானது. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி, இந்த ஆட்டத்தைப் பார்த்திராத இருவர் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் வாயைத் திறக்காமல் அமர்ந்திருந்தோம். அவர்கள் தாளை எடுத்துப் புரட்டிய ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வாக்கியம் சரியில்லை என்று பொருள். ஆட்டத்தின் நோக்கம், அடுக்கும் முறை, புள்ளி என்று பாடநூல் வரிசையில் முதலில் எழுதியிருந்ததை, பிரேக்குக்கு முன் தெரிய வேண்டியது, அடிக்கு முன் சொல்ல வேண்டியது, பந்து விழுந்தபின் செய்ய வேண்டியது என்று மேசையில் தேவைப்படும் வரிசைக்கு மாற்றியதும் தாளைப் புரட்டுவது பெரிதும் குறைந்தது.

விட்டுவிட்டவற்றில் மூன்று குஷன் போனஸ் ஒன்று. வெள்ளைப் பந்து மூன்று முறை குஷனைத் தொட்டுக் கேனன் அடித்தால் கூடுதல் புள்ளி என்பது கேட்பதற்கு அருமையாக இருந்தது. ஆனால் இவ்வளவு பந்துகள் உள்ள மேசையில் அதை நம்பித் திட்டமிடுவது அரிது என்பதால், யாரும் அதற்காகத் தங்கள் அடியை மாற்றவில்லை. எய்ட் பாலின் கோடிட்ட பந்து, முழு வண்ணப் பந்து என்ற பிரிவினையைப் பாக்கெட் உரிமையோடு சேர்க்கவே கூடாது. இரண்டுமே ‘இது எனக்குச் சொந்தம்’ என்று சொல்லும் விதிகள். ஒன்றை வைத்தால் மற்றொன்று எடுபடாது.

60 என்ற இலக்கு ஒரு கணக்கிலிருந்து வந்தது. ஒரு ராக்கில் ஒன்பது பந்துகளுக்கும் புள்ளி கிடைத்தால் குறைந்தது 18, அதிகம் 27 புள்ளி. கேனன்களையும் சேர்த்தால் நடுத்தர ஆட்டக்காரர்கள் இருவருக்குமாக ஒரு ராக்குக்கு இருபதிலிருந்து முப்பதுக்குள் வருகிறது. ஆகவே ஆட்டம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ராக்குகளில் முடிகிறது. திறமையில் ஏற்றத்தாழ்வு உள்ளவர்கள் ஆடும்போது விதிகளைத் தொடாமல் இலக்கை மட்டும் மாற்றிக்கொள்கிறோம்: ஒருவருக்கு 60, மற்றவருக்கு 45. நைன் பாலில் ஒரு பந்தை விட்டுக்கொடுத்து ஆடுவதை விட இதில் பேரம் பேசுவது எளிது.

மூவர் ஆடுவதற்கான வடிவம் இன்னும் முழுமை பெறவில்லை. மூன்றாமவருக்கு நடுப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தோம். நடுப் பாக்கெட்டின் வாய் மூலைப் பாக்கெட்டை விட அகலமாக இருந்தாலும், குஷனை ஒட்டி ஓடிவரும் பந்தை அது உள்ளே வாங்குவதில்லை என்பதால் மூலைக்காரர்களின் கையே ஓங்கியது. இப்போது பிரேக் பக்கத்து மூலை ஒன்றை மூன்றாமவருக்குக் கொடுத்து, ஒவ்வொரு ராக்கிலும் மூவரும் ஓர் இடம் நகர்ந்துகொள்ளும்படி ஆடி வருகிறோம். மேசையின் மறுமுனையில் தனியாக இருப்பவரிடம் பந்துகள் தாமாகவே போய்ச் சேருவதில்லை. அவர் பாக்கெட்டுக்கு 3-க்குப் பதில் 4 புள்ளி கொடுத்தால் சமன் ஆகுமா என்று அடுத்துப் பார்க்க இருக்கிறோம்.